எண்பத்தெட்டாம் நம்பர் ஜெர்சியில் மடித்து வைத்த துணி

1. ஆள் எங்கே?

2009இல், லண்டன் ஹரோவில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் நான் ஓல்டரேஷன் வேலை செய்துகொண்டிருந்தேன். காற்சட்டைக் கால் குறைப்பது, சிப் மாற்றுவது, கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிளவுஸை அகலமாக்குவது, இவைதான் என் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி ஏழு பெரிய பைகளை என் மெஷினுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, அது ஒரு ஃபுட்போல் டீமின் உடுப்பு என்றும், கழுவுவது தன் பொறுப்பு, தைப்பது என் பொறுப்பு என்றும் சொன்னார். பையைத் திறந்தேன், வேர்வை நாற்றம் முகத்தில் அடித்தது. அதன் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது நாங்கள் அறிந்த ஃபுட்போல் இல்லை. அமெரிக்கக்காரரின் விளையாட்டு. பந்து உருண்டை இல்லை, அதைக் காலால் அடிப்பதும் குறைவு. தலையில் ஹெல்மெட், தோளில் ஷோல்டர் பேட், அதற்கு மேல் ஜெர்சி. நாலு சீசன் அவர்களுக்குத் தைத்தேன், இன்றைக்கும் விதிகள் பாதிதான் தெரியும். ஒருவன் பந்தை எறிவான். ரிசீவர் என்பவன் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால் ஆறு புள்ளி. மற்றப் பக்கத்துக்காரர்கள் அவனைப் பிடித்து விழுத்துவார்கள். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

எங்கள் டீமின் ரிசீவர்கள் எல்லோரும் வாசலில் குனிந்து வருகிறவர்கள். அந்த வருடம் ரிசீவரில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஜேர்மனியில் இரண்டு வருடம் விளையாடிய ஒரு தமிழ்ப் பெடியன் லண்டனுக்கு வந்துவிட்டான், மின்னல் மாதிரி ஓடுவான் என்று கோச் டெரிக்கிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். டெரிக் பஸ் கராஜில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், ஆனால் எதையும் அளவை வைத்துத்தான் மதிப்பார். பயிற்சிக்கு அந்தப் பெடியன் வந்து முன்னால் நின்றான். டெரிக் அவன் தலைக்கு மேலால் கார் பார்க்கைப் பார்த்து, "ஆள் எங்கே?" என்று கேட்டார்.

அந்தப் பெடியன் ரூபன் ஐந்தடி மூன்று அங்குலம். வெஸ்ட் ஈலிங்கில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு டைல்ஸ் ஒட்டப் போவான். முழங்கால் மட்டத்தில் வேலை செய்து பழகியதால் உயரம் தேவைப்படவில்லை என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

2. வெட்டாதே

ஜெர்சிகள் எல்லாம் ஒரே அளவில், பெரிதாக வாங்கப்பட்டவை. மிச்சமிருந்தது எண்பத்தெட்டாம் நம்பர் மட்டும். ரூபன் அதைப் போட்டதும் சுவாமியாரின் பூசை அங்கி மாதிரி முழங்கால் வரை வந்தது. பயிற்சியில் ஒருத்தராலும் அவனைத் தொட முடியவில்லை. ஆனால் அவன் போய் ஒரு நொடி கழித்துத்தான் ஜெர்சி அவனுக்குப் பின்னால் போனது. எல்லோரும் அதைப் பிடித்து இழுத்தார்கள். பிடித்தால் அவன் விழாமல் என்ன செய்வான்?

ஆறரை அடி மார்க்கஸும் அந்த இடத்துக்குக் காத்திருந்தான். டெரிக் ஒரு முடிவு சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்ச்சில் ரூபனுக்கு ஒரு சந்தர்ப்பம். சரிவராவிட்டால் இடம் மார்க்கஸுக்கு. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம், எழுதுவது என் தமிழ். "சின்னதாக்கு. ஆனால் துணியை வெட்டாதே, உள்ளுக்கு மடிச்சுத் தை. நாளைக்கு வேற ஆளுக்கு அந்தச் சட்டை தேவைப்படும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் துணி வெட்டுகிறவள் இல்லை. எங்கள் ஆட்களுக்குத் தைக்கும்போது உள்ளே இரண்டங்குலமாவது விட்டுத்தான் தைப்பேன். சட்டை மாறாது, ஆள் மாறுவார். வெள்ளிக்கிழமை ரூபன் கடைக்கு வந்தபோது, அவன் ஷோல்டர் பேட்டோடு நிற்க, ஊசி குத்திக் குத்தி அளந்தேன். விலாப் பக்கத்தில் பிடித்துத் தைத்தால் நம்பரின் இரண்டு எட்டும் கமக்கட்டுக்குள் போய்விடும் என்பதால், முதுகில் அந்த எட்டுகளுக்கு நடுவால் மடித்தேன்.

"அக்கா, உள்ளுக்கு இவ்வளவு துணி ஏன்? எனக்கு இருபத்தாறு வயசு, இனி வளரமாட்டன்."

"லண்டன் சோறு திண்டா அகலத்துக்கு வளருவீர். பேசாம நில்லும்."

மடித்த இடத்தை மெஷினில் அடிக்க முன், சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கையால் நீள நீளமாகத் தைத்து வைப்போம். நாங்கள் அதை நூலோட்டம் என்போம். பிறகு மெஷின் அடித்துவிட்டு அந்த நூலை உருவி எடுக்க வேண்டும். உருவ வசதியாக, கண்ணில் படுகிற வேறு நிறத்தில் ஓட வேண்டும். அன்றைக்கு ஊசியில் ஏற்கெனவே சிவப்பு நூல் கோத்திருந்தது. ஜெர்சியும் சிவப்பு. ஊசியை மாற்றப் பஞ்சிப்பட்டு அந்த நூலாலேயே நூலோட்டம் ஓடினேன்.

சனிக்கிழமை கடையில், கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகளின் உடுப்புகள். ஒன்பது வெள்ளைச் சட்டை, ஒன்பது தாய்மார். ஒவ்வொரு தாய்க்கும் தன் மகளின் சட்டையில்தான் மற்றவளுடையதைவிட ஒரு லேஸ் கூட இருக்க வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்குக் கண் மங்கிப்போய், எண்பத்தெட்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்பில் சிவப்பு. மெஷின் அடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஞாயிறு மட்ச் இருப்பதால் சனிப் பூசைக்கு ஓடினேன். பூசைக்கு முன் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அந்தச் சத்தம்

மட்ச் நாட்களில் மைதான ஓரத்தில் என் இடம் ஒரு மடக்குக் கதிரை. மடியில் ஊசி, நூல், கத்தரிக்கோல், டேப். மட்ச் முடிய அரை நிமிடம் இருக்கும்போது நாங்கள் நாலு புள்ளி பின்னால் நின்றோம். ரூபனுக்கு அதுவரை ஒரு பந்தும் எறியவில்லை. அப்போதுதான் எறிந்தார்கள். பிடித்தான், திரும்பினான், ஓடினான்.

எதிர் டீமில் ஒருவன் இருந்தான். அவனுக்கு நான் வைத்த பெயர் அலுமாரி. அலுமாரி கையை நீட்டி எண்பத்தெட்டின் முதுகைப் பிடித்தான். அடுத்தது எனக்குக் கேட்ட சத்தம் அந்த மைதானத்தில் வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. நூலோட்டம் விடுகிற சத்தம். உள்ளே மடித்து வைத்த அரைக் கெஜம் துணி ஒரேயடியாக வெளியே வந்தது. பாரத்தை எதிர்பார்த்து இழுத்த அலுமாரி பிடி நழுவிப் பின்பக்கம் அடிபட நிலத்தில் குந்தினான். ரூபன் பாவாடை கட்டினவன் மாதிரி கோட்டைத் தாண்டினான்.

எங்கள் பக்கம் துள்ளியது. எதிர்ப் பக்கத்துக் கோச், அது வேண்டுமென்றே விட்டுப்போகத் தைத்த கள்ளச் சட்டை என்று கத்திக்கொண்டு வந்தார். றெஃபரி ஜெர்சியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தைத்தது யார் என்று கேட்டார். முப்பது ஹெல்மெட்டுகள் என் பக்கம் திரும்பின.

தையல் பிய்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆறு புள்ளியும் நின்றிருக்கும். ரூபனும் இடத்தைப் பிடித்திருப்பான். ஆனால் நான் முதல் நாள் பின்னேரம்தான் பாவசங்கீர்த்தனம் செய்தவள். ஒரு நாளாவது தாங்க வேண்டாமா? மெஷின் அடிக்க மறந்துபோனேன், பிழை என்னுடையது என்று உண்மையைச் சொன்னேன்.

வேண்டுமென்று செய்ததில்லை என்பதை றெஃபரி நம்பினார். ஆனாலும் அந்தச் சட்டையால் கிடைத்த புள்ளி செல்லாது, தைத்துக் கட்டினால்தான் அவன் திரும்ப வரலாம் என்றார். டெரிக் என்னைப் பார்க்கவே இல்லை. "அவன் ஓடவில்லை, சட்டைதான் ஓடினது" என்று சொல்லி மார்க்கஸைக் கூப்பிட்டார். ரூபன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். பிழை விட்டது நான், தண்டனை அவனுக்கு.

4. துணி சொன்ன சாட்சி

எழுந்து போய் டெரிக்கின் முன்னால் நின்று, ரூபனைத் திருப்பி, அறுந்த இடத்தை விரித்துக் காட்டினேன். இருந்த ஆங்கிலம் முழுவதையும் அப்போது செலவழித்தேன். "கோச், ஊசித் துளையைப் பாருங்கோ. எல்லாத் துளையும் பின்பக்கம்தான் இழுபட்டுக் கிடக்குது. இழுத்த ஆள் பக்கத்தில நிக்கேல்ல, பின்னால நிண்டவர். இந்தப் பெடியன் அவரைத் தாண்டின பிறகுதான் என்ர நூல் அறுந்தது."

டெரிக் துளையைப் பார்த்தார். பிறகு, இன்னும் புல்லில் குந்தியபடி இடுப்பைத் தடவிக்கொண்டிருந்த அலுமாரியைப் பார்த்தார். என்னிடம் இரண்டு நிமிடம் தந்தார்.

பேட்டின் மேலிருந்து ஜெர்சியைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், நேரம் போதாது. போட்டபடியே தைக்கப் போனேன். ரூபன் பின்வாங்கினான்.

"போட்டிருக்கிற உடுப்பைத் தைக்கக்கூடாது எண்டு அம்மா சொல்லுறவ, அக்கா."

"அம்மா ஜேர்மனியில. காணமாட்டா. திரும்பும்."

இந்த முறை கறுப்பு நூல், இரட்டையாக. முதுகில் இருந்து இடுப்பு வரை சாக்குத் தைக்கிற மாதிரி இறுக்கித் தைத்தேன். மட்ச்சின் கடைசி எறிதலுக்கு அவன் உள்ளே போனான்.

பந்து அவனிடம்தான் வந்தது. அலுமாரி இந்த முறை முன்கூட்டியே ஓடத் தொடங்கினான், மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ரூபன் அவர்களின் கைகளுக்குக் கீழால் போய்க் கோட்டைத் தாண்டினான். நிமிர்ந்து போகிறவனுக்கு அந்த வழி கிடைத்திராது. ஒருவரின் விரலும் அவனில் படவில்லை. நான் தைத்தது பலமா இல்லையா என்று பார்க்க யாருக்கும் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. நாங்கள் வென்றோம். நான் கதிரையோடு சேர்ந்து விழுந்தேன்.

எல்லோரும் உடுப்பு மாற்றிவிட்டார்கள், ரூபன் மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால், இரண்டு பேர் அவனுடைய ஜெர்சியை மேலே இழுக்க, ஆளும் சேர்ந்து மேலே போய்க்கொண்டிருந்தான். அவசரத்தில் ஜெர்சி, பேட்டின் இலாஸ்டிக், உள்ளே போட்ட டீஷேர்ட் மூன்றையும் நான் ஒன்றாகத் தைத்துவிட்டேன். இப்படியே வெஸ்ட் ஈலிங்கில் பஸ்ஸால் இறங்கினால் தன் அக்கா கதவு திறக்கமாட்டா என்று அவன் அழாக்குறையாகச் சொன்னான்.

கத்தரிக்கோலோடு அவனுக்குப் பின்னால் முழந்தாளிட்டு நூலை ஒவ்வொன்றாக வெட்டினேன். டெரிக் கைகட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். மடித்த துணி வெளியே தொங்கியது. மெஷினில் சரியாக அடித்துத் தருகிறேன், துணியை முந்தி மாதிரி உள்ளுக்கு மடிக்கவா என்று அவரிடம் கேட்டேன்.

அவர் ரூபனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"வெட்டு" என்றார்.

இருபத்திரண்டு வருடம் தைத்தேன். மிச்சத் துணியை மனம் நிறைந்து வெட்டியது அன்றைக்கு மட்டும்தான். அந்தச் சிவப்புத் துண்டுகள் பிறகு என் மெஷினுக்குப் பக்கத்தில் ஊசி குத்துகிற மெத்தையாக இருந்தன. தையல் பழகுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: நூலோட்டத்துக்கு வேறு நிற நூல் கோத்துக்கொள்ளுங்கள். எண்பத்தெட்டாம் நம்பரை அதன் பிறகு அந்த டீமில் வேறு யாரும் போடவில்லை. போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தோள் நுழையவில்லை.