கரண்டு போகாத பகல்

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் எட்டு வருடம் குப்பை கொட்டினேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாவற்றின் டிசைன்களும் என் பொறுப்பில் இருந்த சர்வரில்தான் கிடந்தன. தினமும் கரண்டு போகிற ஊர். யுபிஎஸ் பேட்டரியோ உப்பிப்போய் உபயோகமில்லாமல் இருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதனால் அந்த சர்வரில் ஜர்னல் வைத்து எழுதுகிற ஃபைல் சிஸ்டம் போட்டிருந்தேன். செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பில் எழுதிக்கொண்டு, பிறகு செய்கிற ரகம் அது. ஒரு ஃபைலை அழித்தால், அழித்த சேதி அந்தக் குறிப்பில் உறுதியாகப் பதியும்வரை அதன் இடத்தை வேறு எதற்கும் கொடுக்காது. அதற்குள் கரண்டு போய்விட்டால் பழைய ஃபைல் அப்படியே திரும்பி வந்துவிடும். வரும்போது அதன் இடத்தில் வேறொன்றின் சரக்கு கிடக்கக் கூடாதே. எல்லாம் ஐந்து நொடி விஷயம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் நானே கண்டுபிடித்த தோரணையில் அளந்து விடுவேன்.

பைண்டிங் பிரிவில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய மகள் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு லீவு நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தவளை, பற்றவைக்காத கம்பி மத்தாப்பு ஒன்றைக் கையில் கொடுத்து நிறுத்தி, லேபிளுக்கென்று படம் எடுத்தேன். வெட்கத்தில் ஒரு பக்கமாகச் சிரித்தாள். முதலாளி பார்த்துவிட்டு, "சினிமா மூஞ்சி மாதிரில்ல வேணும்" என்றார். படம் 'வேண்டாதவை' என்ற ஃபோல்டருக்குப் போயிற்று.

அடுத்த வருடம் சீசனில் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. ஆஸ்பத்திரியில் பொதிந்து கட்டிக் கொடுத்ததை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் அக்கா என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, அன்னைக்கு எடுத்தீகள்ல, அந்தப் படம் ஒண்ணு போட்டுத் தாங்க. பதினாறாம் நாளு மாலை போட அவ படம்னு வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

"இருக்குக்கா. அவசர வேலை ஓடிக்கிட்டிருக்கு. நாளைக்குத் தாரேன்."

ஒரு பிரிண்ட் போட இரண்டு நிமிஷம் ஆகும். பாவி, நாளைக்கு என்றேன்.

மறுநாள் பகலில் தினசரி காலண்டர் ஃபைல்களை ஏற்றும்போது டிஸ்க் நிறைந்துவிட்டது. முதலாளி பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் எம்புட்டு நேரம்?" என்று அரித்தார். 'வேண்டாதவை' ஃபோல்டரை அழித்தேன். அப்போதும் இடமில்லை என்றே காட்டியது. குறிப்பு பதியட்டும் என்று இயந்திரம் காத்திருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. உடனே பதியச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். இடம் கிடைத்தது, காலண்டர் ஏறியது. பாதி ஏறிய பிறகுதான் அந்த ஃபோல்டரில் யார் இருந்தாள் என்பது உறைத்தது.

சர்வரை நிறுத்தினேன். கிடைத்த மீட்பு மென்பொருளையெல்லாம் ஓட்டினேன். அவள் இருந்த இடத்தில் சிவப்பிலும் கறுப்பிலும் தேதி எண்கள்தான் வந்தன. கேமரா கார்டில் எப்போதோ வேறு படங்கள் ஏறியிருந்தன. வேண்டாததை சிடியில் எடுத்து வைக்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. நாலு நாள் அக்காவை 'நாளைக்கு, நாளைக்கு' என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

பதினைந்தாம் நாளும் வந்தார். "போயிருச்சுக்கா" என்றேன்.

திரையை எட்டிப் பார்த்தார். "கரண்டு போயிருச்சா தம்பி?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"விடுங்க. நீங்க என்ன செய்வீக, பாழாப்போன கரண்டு" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வேலைக்கு வந்து அந்தக் காலண்டருக்குத்தான் பட்டை அடித்தார்.

படத்தை அழித்த அன்று பகல் முழுக்கக் கரண்டு போகவே இல்லை. நான் அழித்த கையோடு ஒரே ஒரு தடவை போயிருந்தால், அவள் மத்தாப்போடு திரும்பி வந்திருப்பாள்.