ஏழு நிமிடம் பிந்தும் பஸ்

டூங்கபி ரயில் நிலையத்திலிருந்து காலை 9.10க்குப் புறப்படும் பஸ்ஸைப் பதினான்கு ஆண்டுகளாகச் சிவனேஸ்வரிதான் ஓட்டுகிறார். வயது அறுபத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்தது புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், நாற்பத்தெட்டாவது வயதில்.

கடைசித் தரிப்புவரை இருபத்திரண்டு நிமிடம் என்பது அவர் சேர்ந்த காலத்து அட்டவணை. அன்று நாங்கள் ஓடிவந்து ஏறினோம். இன்று அதே ஆட்கள் ஊன்றுகோலோடும் வோக்கரோடும் ஏறுகிறோம். 2025 மார்ச்சில் நான் குறித்த இருபத்தொரு நாட்களின் சராசரி இருபத்தொன்பது நிமிடம்.

கடைசி ஆள் அமரும்வரை சிவனேஸ்வரி பிரேக்கை விடமாட்டார். கண்ணாடியில் பார்த்து, "எல்லாரும் இருந்தாச்சோ?" என்பார். "ஓம்!" என்று நாங்கள் சொல்லவேண்டும். பிலிப்பினோ மூதாட்டி ஒருவரும் எங்களோடு சேர்ந்து "ஓம்" என்பார்.

ஏப்ரல் எட்டாம் திகதி பஸ் டிப்போவின் மேற்பார்வையாளர் பிரதீப்குமார் எங்களோடு வந்தார். தமிழ்நாட்டுக்காரர், முப்பது வயதிருக்கும். கடைசித் தரிப்பில் சிவனேஸ்வரியிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"ஆன்ட்டி, இது மூணாவது வார்னிங். இனிமே ஆள் ஏறினதும் வண்டிய எடுத்துடுறேன்னு சைன் பண்ணுங்க. இல்லன்னா வேலை போயிடும்."

"வோக்கரோட ஏறுற லெட்சுமி அன்ரி விழுந்தா நீர் வந்து தூக்குவீரோ?"

"நான் என்ன பண்றது? டைம்டேபிள் அப்படி."

"அதுக்கு வயசு போகேல்லை தம்பி. எங்களுக்குப் போட்டுது. கையெழுத்து வைக்கமாட்டன். வேலையால நிப்பாட்டிறதெண்டா நிப்பாட்டும். நாளைக்கு ஆர் ஓட்டுறது? நீரோ?"

"எங்கிட்ட கார் லைசென்ஸ்தான்..."

பின்னால் சிரிப்பு எழுந்தது.

அந்த டிப்போவுக்கு நாற்பத்தொரு சாரதிகள் வேண்டும். இருப்பவர்கள் முப்பத்திரண்டு பேர். அவர்களில் பதினெட்டுப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். புதிதாக வருபவர்கள் ஆறு மாதத்தில் லொறி ஓட்டப் போய்விடுகிறார்கள். பிரதீப்குமாருக்கும் இது தெரியும்.

சிவனேஸ்வரி கடிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். திரும்பும் பயணத்துக்கு ஆட்கள் ஏறி அமர்ந்தார்கள். பிரதீப்குமார் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பஸ் அசையவில்லை.

"தம்பி, இருந்தாச்சோ?"

"பரவால்ல ஆன்ட்டி, நான் நின்னுக்கிறேன்."

"நீர் இருந்தாத்தான் வெளிக்கிடுவன்."

இரண்டு நிமிடம் போனது. அவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். பஸ் முழுக்க "ஓம்!" என்றது.

இன்று ஓகஸ்ட் 14. கடிதம் மறுபடி வரவில்லை. அட்டவணையும் மாறவில்லை. 9.10 பஸ்ஸைச் சிவனேஸ்வரிதான் ஓட்டினார். முப்பத்தொரு நிமிடம்.