சைலன்சர்ல பூத்த உப்பு

மன்னார்குடியில ஒரு டயர் கடை வாசல்ல இன்னைக்கு லியாகத் அலி அண்ணன மடக்கிப் புடிச்சிட்டேன் மக்களே! ஒரத்தநாடு பக்கம் வத்துன ஏரியில பங்குனி மாசம் மண் ரேஸு நடக்குமே, அதுல பாத்திருப்பீங்க. பச்சை ஆர்எக்ஸ் பைக்கு, சைலன்சரைத் தொடைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டு ஏரிக்கரையில ஏறிப் பறக்குமே, அந்த வண்டிக்காரரு. "இந்த வருஷம் வண்டி ரெடியாண்ணே?"ன்னுதான் கேட்டேன். கையில இருந்த டீயக் குடிக்காமலே கீழ வச்சாரு மனுஷன். அப்புறம் பேசினாரு பாருங்க... வீட்டுக்கு வந்த கையோட டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

அண்ணனுக்கு ஊரு முத்துப்பேட்டைக்குக் கொஞ்சம் வடக்க. கடைமடை. ஆத்துத் தண்ணி எல்லா ஊரையும் விசாரிச்சிட்டு, மனசிருந்தா கடைசியா எட்டிப் பாக்குற எடம். மஸ்கட்ல டிரைவரா இருந்தவரு. அங்க வெள்ளிக்கெழமையானா மணல்மேட்டுல பைக் விடுற கூட்டத்தோட சேந்து கெட்டுப்போனாரு. இது அவரு சொன்னதில்ல, அவரு சம்சாரம் நஃபீசா சொல்றது. இப்ப ஊர்ல லோடு ஆட்டோ. விடியக்காலையில மீன் பெட்டியக் கொண்டாந்து மன்னார்குடியில எறக்கிட்டாருன்னா, மிச்ச பொழுதெல்லாம் அந்த ஆர்எக்ஸுதான்.

நம்ம பக்கத்துல மண் பைக்குக்கு சீசன் குறிக்கிறது நெல்லு. புரட்டாசியில நட்டா தையில அறுக்குற வரைக்கும் வண்டி எறக்க ஒரு அடி காஞ்ச தரை கெடைக்காது. வயல்ல பயிரு, வரப்புல சேறு, ஏரியில தண்ணி. மத்தவங்க ஐப்பசியில வண்டி மேல தார்ப்பாயப் போத்திட்டு வேற வேலை பாக்கப் போயிடுவாங்க. நம்மாளுக்கு உக்காந்தா இருப்புக் கொள்ளாது. அடைமழை பூரா வண்டிய அக்கக்கா பிரிச்சு மாட்டிக்கிட்டே இருப்பாரு. முண்டு முண்டா இருக்கற பட்டன் டயரு போட்டாரு. பின்னாடி பெரிய பல்சக்கரம் மாத்துனாரு, சேத்துல இழுவை வேணும்ல. மட்கார்டை ஒரு சாண் தூக்கிக் கட்டுனாரு. பிடிக்கலன்னு எறக்குனாரு. மறுபடியும் தூக்குனாரு.

"வீட்டுக்குள்ள இத வச்சீங்கன்னா சட்டியில கொதிக்கிற மீனாணத்துலயும் பெட்ரோலு வாடைதான் மச்சான் வரும்"னு நஃபீசா வெரட்டி விட்டுட்டாங்க. அதனால பட்டறை எங்கன்னா, மாமியார் சைத்தூன் பீவியோட மூணு மா, அதாவது ஒரு ஏக்கரு, நெலத்துல இருக்கற மோட்டார் கொட்டாயி. விவசாயத்துக்கு சர்க்காரு குடுக்கற இலவச கரண்டு இருக்கு. போர்செட்டுத் தண்ணி இருக்கு. ஸ்விட்சைத் தட்டினா யானைத் தும்பிக்கையாட்டம் கொட்டும். பிரிச்சா கழுவுவாரு, மாட்டினா கழுவுவாரு, மனசு சரியில்லன்னாலும் கழுவுவாரு. இந்த வருஷம் மனசு சரியில்லாமத்தான் கெடந்துச்சு.

அந்த நெலத்த உழுறவரு கோவிந்தராசு. நஃபீசாவைப் பெத்த அத்தா காலத்துலேருந்தே அவருதான் குத்தகை. ரெண்டு பக்கமும் இருந்த வயலெல்லாம் எறால் குட்டையாகிப் போச்சு. நடுவுல இந்த மூணு மா மட்டும் பச்சையா நிக்குது. இதையும் எறால்காரங்களுக்குப் புடிச்சுக் குடுக்க நடராசன்னு ஒருத்தரு அலையுறாரு. புரோக்கரு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வருதோ அந்தக் கரை வேட்டி அவரு பீரோவுல துவைச்சு மடிச்சு இருக்கும். கார்த்திகையில அவரு வந்து சைத்தூன் பீவிகிட்ட பேசிட்டுப் போனதும், மாமியாரு மருமகனைக் கூப்பிட்டாங்க.

"தை அறுப்போட நெலத்த விட்டுடச் சொல்லி கோவிந்தராசுகிட்ட ஒரு வார்த்தை போட்டுருங்க மருமவனே. என் வாயால சொல்ல எனக்கு ஏலாது."

"சரி மாமி"ன்னுட்டாரு. சொல்லிட்டாரே ஒழிய, எப்படிச் சொல்றது? தெனம் காலையில கோவிந்தராசு தலையில துண்டோட கொட்டாயிக்கு வந்து நிப்பாரு.

"என்ன தம்பி, இன்னைக்கு எந்த எலும்பைக் கழட்டுறீங்க?"

"செயின்ணே."

"நேத்தும் செயின்தானே?"

"நேத்து கழட்டுனேன். இன்னைக்கு மாட்டுறேன்."

அவரு சிரிச்சிக்கிட்டே போயிடுவாரு. அண்ணன் சொல்ல வேண்டியத நாளைக்குன்னு தள்ளிட்டு மோட்டாரைப் போட்டு, சுத்தமா இருக்கற வண்டிய மறுபடி கழுவுவாரு.

இதுல வண்டி வேற பாடாப்படுத்துச்சு. முந்தாநாளு எண்ணெய் போட்ட செயினு கருவாட்டு முள்ளாட்டம் வெறச்சுக்கிட்டு நிக்குது. புது ஸ்போக்ஸ் கம்பியில செவப்பு செவப்பா துரு. ஷாம்பு நுரைக்க மாட்டேங்குது. டூப்ளிகேட்டு ஷாம்புன்னு கடைக்காரரோட சண்டை. மட்டமான கம்பின்னு இன்னொரு கடையில சண்டை. எண்ணெய மாத்துனாரு, பெயிண்ட மாத்துனாரு. துரு மட்டும் மாறல.

"புள்ளைக்குக் கூட இத்தனை தடவை குளிப்பாட்ட மாட்டாங்க. வண்டிக்கு ஜலதோசம்தான் புடிச்சிருக்கு, போங்க"ன்னு நஃபீசா நக்கலடிச்சாங்க.

மார்கழி பாதியில மழை சட்டுனு நின்னு போச்சு. வாய்க்கால்ல தண்ணி எறங்கிடுச்சு. கோவிந்தராசு பயிரு கதிரு தள்ளி பால் புடிக்கிற நேரம். இப்ப ஒரு தண்ணி இல்லன்னா நெல்லு இருக்காது, வெறும் பதருதான். ஊர்ல இருந்த ஆயில் இன்ஜினெல்லாம் ஆளாளுக்கு வாய்க்கால்ல போட்டு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. கோவிந்தராசுகிட்ட இருந்த இன்ஜினு செத்து ரெண்டு வருஷமாச்சு. ஆனா அவரு கவலைப்படல. போர்செட்டு இருக்குல்ல?

அன்னைக்குக் காலையில லியாகத் அண்ணன் வண்டிய மாட்டி முடிச்சு, கழுவி, ஸ்டார்ட் பண்ணி சூடேத்திக்கிட்டிருக்காரு. சைலன்சரு சுட்டதும் மேல இருந்த ஈரம் காயுது. காஞ்ச எடத்துல வெள்ளையா பூக்குது. துணிய வச்சுத் தொடச்சாரு. மறுபடி தண்ணி தெளிச்சாரு. மறுபடி பூத்துச்சு. வெரல்ல ஒத்தி எடுத்து நாக்குல வச்சாரு.

உப்பு!

கடலோர அலையாத்திக் காட்டுப் பக்கம் போய் சேத்துல வெளையாடுனா வண்டியில உப்பு ஏறும், அது தெரியும். ஆனா ஐப்பசியிலேருந்து வண்டி கொட்டாயிய விட்டே போகலையே! குழாய்க்கிட்ட ஓடி ரெண்டு கையிலயும் ஏந்தி ஒரு வாய் குடிச்சாரு. ஒரே கரிப்பு. மழைக்காலம் பூரா தினம் தவறாம தன் வண்டிக்குத் தானே உப்புத் தண்ணி ஊத்தி, துரு ஏன் வருதுன்னு ஊரெல்லாம் சண்டை போட்டிருக்காரு மனுஷன்.

மோட்டாரை நிறுத்திட்டு நிமிந்து பாத்தா, கோவிந்தராசு மம்பட்டியால வயலுக்கு மடையத் தொறந்துட்டு வந்து ஸ்விட்சுல கைய வைக்கிறாரு. அண்ணன் பாஞ்சு போய் அந்தக் கையப் புடிச்சிட்டாரு.

"வேணாம்ணே. போடாதீங்க."

"ஏன் தம்பி?"

"பயிரு கருகிடும்ணே. தண்ணி உப்பாயிடுச்சு."

கோவிந்தராசு ஸ்விட்சை விடல. "கைய எடுங்க பாய்."

வருஷக்கணக்கா தம்பி தம்பின்னு கூப்பிட்ட வாயி. அந்த ஒத்தை 'பாய்'ல கை தானா கீழ எறங்கிடுச்சுன்னு அண்ணன் சொன்னாரு.

"நடராசன் உங்க வீட்டுப் படியேறி எறங்குறது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் கண்ணு பொட்டையா? தண்ணிய நிறுத்துனா பயிரு காயும், பயிரு காஞ்சா இவன் தானா போயிருவான். அதானே கணக்கு? மூஞ்சிக்கு நேரா போடான்னு சொல்லியிருக்கலாமே. இத்தனை நாளு செயினக் காட்டி ஏன் ஏமாத்துனீங்க?"

அண்ணன் குழாய் வாயில தேங்கி நின்ன தண்ணிய ஒரு டம்ளர்ல புடிச்சு நீட்டுனாரு. கோவிந்தராசு வாங்கி வாயில ஊத்துனாரு. துப்பல. முழுங்கிட்டாரு. முழுங்கிட்டு வயலைப் பாத்தாரு.

"இதையா வண்டிக்கு ஊத்திக்கிட்டிருந்தீங்க?"

"ஆமாண்ணே."

"ஒரு தடவ கூட வாயில ஊத்திப் பாக்கலையா?"

"குடிக்க வீட்டுலேருந்து பாட்டில் கொண்டாந்துருவேன். நீங்க பாக்கலையா?"

"வானம் ஊத்திக்கிட்டு இருக்கறப்ப நான் எதுக்கு மோட்டாரைத் தொடுறேன்?"

மழைக்காலத்துல போர்செட்டை யாரும் தொடமாட்டாங்க. தொட்டது இவரு ஒருத்தருதான். ரெண்டு பக்கத்து எறால் குட்டையோட உப்புத் தண்ணியும் சத்தமில்லாம மண்ணுக்கு அடியில எறங்கி வந்தத மொதல்ல பாத்தது ஒரு பைக்கோட சைலன்சரு!

அப்பத்தான் அண்ணன் போட்டு ஒடைச்சாரு. "மாமி சொல்லச் சொன்னாங்கண்ணே. அறுப்போட நெலத்த விட்டுடணுமாம். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாமத்தான் இதக் கழட்டி மாட்டிக்கிட்டு கெடந்தேன்."

"சொல்லிட்டீங்கல்ல, விடுங்க." கோவிந்தராசு டம்ளரைக் கவுத்து வச்சாரு. "இப்ப பயிருக்கு வழி சொல்லுங்க."

வழி பச்சை கலர்ல எதிர்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. வாய்க்கால்ல முழங்கால் தண்ணி கெடக்குது. வயலுக்குத்தான் ஏறாது. கோவிந்தராசோட செத்துப்போன இன்ஜின்ல பம்பு மட்டும் நல்லா இருக்கு. அண்ணன் ஆர்எக்ஸை வாய்க்கா கரைக்குத் தள்ளிட்டுப் போயி, பெரிய ஸ்டாண்டு போட்டு, பின்டயரை உருவிட்டு வெறும் ரிம்முல பெல்ட்டை மாட்டி பம்போட கோத்துட்டாரு. வாய்க்கால் தண்ணிய ரெண்டு பேரும் குடிச்சுப் பாத்துக்கிட்டாங்க, அதை மறக்கல! நல்ல தண்ணி.

ஆனா ஒண்ணு. அது காத்துல ஆறுற இன்ஜினு. ஓடுனாத்தான் காத்து. நின்ன எடத்துல முறுக்கினா வெந்து போகும். அதுவும் ரேஸுக்குன்னு புதுப் பிஸ்டன் போட்டு, சிலிண்டர் பிளாக்கை லேத்துல கடைஞ்சு வச்சிருந்தது. நஃபீசாவுக்கு போன் போட்டாரு. அவங்க வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க.

"இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நாளு விசிறி விட்டிருப்பீங்களா? இதுக்கு ஃபேனு!" திட்டிக்கிட்டே கொட்டாயிலேருந்து ஒயரை இழுத்து இன்ஜினுக்கு நேரா திருப்பி வச்சாங்க.

ஓடுச்சுங்க! கொஞ்சம் ஓட்டுறது, ஆற விடுறது, மறுபடி ஓட்டுறது. அன்னைக்குப் பூரா, மறுநாளு மதியம் வரைக்கும். வயல்ல தண்ணி நடந்து போறத மடை மடையா கோவிந்தராசு திருப்பிக்கிட்டே போறாரு. கடைசி ரெண்டு பாத்திதான் பாக்கி. அப்ப கரண்டு போச்சு. ஃபேன் நின்னுடுச்சு.

"நிறுத்துங்க மச்சான்"னாங்க நஃபீசா.

அண்ணன் கை சாவி மேலதான் இருந்துச்சாம். அந்தப் பக்கம் பாத்தாரு. கோவிந்தராசு கடைசி மடைய வெட்டி வச்சுக்கிட்டு, முதுகைக் காட்டி, தண்ணி வரும்னு குனிஞ்சு நிக்குறாரு. இப்ப நிறுத்துனா, திரும்பிப் பாப்பாரு. 'சரி, இவனும் தண்ணிய நிறுத்திட்டான்'னு நெனைப்பாரு. அண்ணன் சாவியத் திருப்பல. சத்தம் மாறுச்சு, கீச்சுன்னு ஒரு இழுப்பு, அப்படியே கல்லாகிடுச்சு. பிஸ்டனும் பிளாக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. ஒரு பாத்தி நனைஞ்சுது. மூலையில ஒரு பாத்தி நனையல.

கோவிந்தராசு வந்து பாத்தாரு. சூட்டுல தொட முடியாது, இருந்தாலும் டேங்க் மேல கைய வச்சாரு. "போதும் தம்பி"ன்னாரு.

மறுநாளு நடராசன் வந்தாரு, வெள்ளையும் சொள்ளையுமா. சைத்தூன் பீவி உள்ள கதவோரம் உக்காந்திருக்காங்க. நஃபீசா டீ கொண்டாந்து வச்சாங்க. ஒரு மடக்கு குடிச்சவரு மூஞ்சி கோணிப்போச்சு.

"என்னம்மா, சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டியா?"

"நான் எதுவும் போடலண்ணே. எங்க போர்செட்டுத் தண்ணி. போட்டது நீங்க புடிச்சுக் குடுத்த குட்டை."

நடராசன் லேசுப்பட்ட ஆளா? டம்ளரைத் தள்ளி வச்சிட்டு சிரிச்சாரு. "அப்ப நான் சொன்னதுதானே சரி? இனிமே இதுல நெல்லு எங்க வெளையும்? எறாலுதான். இன்னும் ஒரு வருஷம் போனா நானே வேணாம்பேன், பாத்துக்குங்க."

அதுல பாதி உண்மைதான். உள்ளேருந்து சைத்தூன் பீவி குரல் மட்டும் வந்துச்சு. "கெடுத்தவன் கையிலயே கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றியா? கோவிந்தராசு இந்த வருஷம் உளுந்து தெளிக்கட்டும். நீ கெளம்பு."

இந்த வருஷம். அவ்வளவுதான் சொன்னாங்க. அடுத்த வருஷத்தப் பத்தி சொல்லல.

தையில அறுத்தாச்சு. மூலைப் பாத்தி பதரு, மிச்சமெல்லாம் நெல்லு. உளுந்து மொளைச்சு நிக்குது. பக்கத்துக் குட்டை கரைய இன்னும் ஒசத்திக் கட்டுறாங்களாம். நடராசன் வாரா வாரம் அந்த வழியா போறாராம், நிக்கிறதில்ல, பாத்துட்டுப் போறாரு. அண்ணன் இன்னைக்கு மன்னார்குடியில கடை கடையா ஏறி எறங்குனது எதுக்குன்னா, பழைய ஆர்எக்ஸ் பிளாக் ஒண்ணு கெடைக்குமான்னுதான். பேசிக்கிட்டு இருக்கறப்பவே எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தாரு. பங்குனிக்கு ரொம்ப நாளில்லையே.

அதனால மக்களே, யாருகிட்டயாவது கடையாத பழைய பிளாக் சும்மா கெடந்தா கமெண்ட்ல சொல்லுங்க, நானே வந்து வாங்கிட்டுப் போய்க் குடுக்கறேன். இல்லாதவங்க, இத ஷேராவது பண்ணுங்க. கடைமடைப் பக்கம் நெலம் வச்சிருக்கற சொந்தக்காரங்களுக்குக் கண்டிப்பா அனுப்புங்க. அவங்க போர்செட்டை நாளைக்கே ஒரு தடவ ஓட்டி, ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க.