கரிக்கோடு போட்ட முட்டைகள்

எண்பதுகளின் தொடக்கம், வைகாசி மாதம். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வாழ்க்கைப்பட்ட வீடு அடி அண்ணாமலையில், கூட்டுக் குடும்பம்.

ஒரு ஞாயிறு காலை, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன என் கொழுந்தனார், போரின் அடியில் சுருண்டிருந்த சாரைப்பாம்பைத் தடியால் அடித்துக் கொன்றுவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு விதைக்கடலையில் பாதியை எலி தின்றிருந்தது. அந்த எலியைத் தின்ன வந்த நஞ்சில்லாத உயிரைக் கொன்றுவிட்டு அவர் சிரித்தார்.

"பாம்புன்னா அடிக்கத்தான அண்ணி? சாரையா நாகமான்னு ஜாதகம் பாத்துட்டா அடிப்பாங்க?"

பதில் சொன்னால் வாய் எங்கே போய் நிற்குமோ என்று வைக்கோலை விலக்கினேன். உள்ளே பதினொரு முட்டைகள் இருந்தன. தாயைக் கொன்றவர் கண்முன்னே குட்டிகளைப் பொரித்துக் காட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இரக்கத்தைவிட வீம்புதான் அதில் மிகுதி.

அகன்ற மண்சட்டியில் ஈரமணலும் மக்கிய வைக்கோலும் பரப்பி, பழைய மாட்டுக்கொட்டகை மூலையில் முட்டைகளை வைத்தேன். இரண்டு முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் தோல் கிழியும் என்று அப்படியே அடியில் விட்டேன். கோழியை அடைவைக்கும்போது இடி இடித்து முட்டை கெடாமலிருக்கக் கரித்துண்டும் இரும்பும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் ஒரு கரித்துண்டும் ஆணியும் வைத்தேன். அடைக்கோழி நாள்தோறும் அலகால் முட்டையைப் புரட்டிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆகவே மீதி ஒன்பது முட்டைகளிலும் ஒரு பக்கம் கரியால் கோடிட்டேன். காலையில் கோடு மேலே. மாலையில் கோடு கீழே. ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஆடி முதல் வெள்ளியன்று பள்ளிவிட்டு வந்தபோது, கொட்டகையில் கொழுந்தனாரின் மனைவி சட்டிக்குள் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். முட்டைகளின்மேல் மஞ்சளும் குங்குமமும். செம்பைப் பிடுங்கி எறிந்தேன்.

"புருஷன் அடிச்சுக் கொல்றது, பொண்டாட்டி பாலபிஷேகம் பண்றதா? வெக்கமா இல்ல?"

"மாசமா இருக்கிறவ புருஷன் பாம்ப அடிக்கக் கூடாதுக்கா. என் வயித்துல இருக்கிறதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க மட்டும் கரித்துண்டும் ஆணியும் வெச்சிருக்கீங்களே, அது இன்னாவாம்?" என்றாள்.

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. தைத்த இடம் வலித்ததால்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன்: "எழுதப் படிக்கத் தெரியாதவகிட்ட எனக்கென்ன பேச்சு?"

மறுநாளே அவள் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. பாலை வடித்து மேல்மணலை மட்டும் மாற்றினேன். மேலிருந்த முட்டைகள் பழுப்பேறி ஒடுங்கிக் கிடந்தன. அந்த ஒடுக்கத்தை ஆனி மாதத்திலேயே கண்டிருந்தேன். வெயிலின் வேலை என்று எனக்கே சமாதானம் சொல்லியிருந்தேன். இப்போதோ பழிபோட ஓர் ஆள் கிடைத்துவிட்டாள். பார்த்தவரிடமெல்லாம் பால் ஊற்றியே கெடுத்துவிட்டாள் என்று சொன்னேன்.

பத்து நாள் கழித்து, வரப்பில் எலி பிடிக்க வந்திருந்த, பாம்பும் பிடிக்கத் தெரிந்த இருளர் ஒருவரைச் சட்டியைப் பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்து மணலை விலக்கியபோது, அடியில் ஒட்டிக்கிடந்த இரண்டு முட்டைகளும் கிழிந்திருந்தன. ஒன்றிலிருந்து விரல்நுனி அளவுத் தலை எட்டிப் பார்த்தது. பாலில் அதிகம் ஊறியவை அந்த இரண்டும்தான்.

மேலே இருந்த ஒரு முட்டையை எடுத்து, "இது இன்னாமா கோடு?" என்றார். பெருமையோடு விளக்கினேன். அவர் முட்டையைப் பிளந்து காட்டினார். உள்ளே நூல்போல் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"கோழி முட்டையத்தான் பொரட்டணும். பாம்பு முட்டைய இட்டது இட்டபடி வுட்டுடணும். இது செத்து மாசத்துக்கு மேல ஆவுதும்மா. பொரட்டிப் பொரட்டியே கொன்னுட்டீங்க."

ஒன்பது முட்டைகளிலும் என் கோடு இருந்தது. கொழுந்தனாரின் தடிக்கு ஓர் உயிர். என் விரலுக்கு ஒன்பது.

இரண்டு குட்டிகளையும் வரப்பில் விட்டுவிட்டு, அன்று மாலையே கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்து ஏறினேன். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

"ரெண்டு குட்டி வந்துச்சா? நல்லா ஊர்ந்து போச்சா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "அது போதும்க்கா. உள்ள வாங்க" என்றாள்.

கார்த்திகையில் அவளுக்குப் பெண் பிறந்தது. கொழுந்தனார்மேல் இருந்த கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை. அது தணிய வேண்டிய கோபமும் இல்லை. ஆயினும், யார்மீதேனும் சீறி எழும்போதெல்லாம், கரி ஒட்டியிருக்கிறதா என்று என் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.