எட்டு வால்வுகளைத் தரம் பிரித்த தேவகிருபை

தேவகிருபை 1927ஆம் ஆண்டு ராசிங்காபுரத்தில் பிறந்தவள். பதினாலு வயதில் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்க உட்கார்ந்தாள். கொழுத்த பச்சைக் காய் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம் என்று பிரிப்பதுதான் சோலி. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை தன்பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வாங்கிவந்த மொச்சையைக்கூட இரண்டு குவியலாக்காமல் அவள் கை விடாது.

"பெத்ததும் உன்னை முறத்துலதான் போட்டிருப்பாக" என்று புருஷன் ஜேசுதாஸ் கேலி செய்வான்.

ஜேசுதாஸ் பஸ் கம்பெனியில் ஒன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். 1954 அக்டோபரில் மேஸ்திரியோடு வாய்த்தகராறு முற்றி வேலையை விட்டான். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சொந்தப் பட்டறை போட்டான். மூன்று மாதத்தில் வந்தவை இரண்டு சைக்கிளும், தண்ணீர் இறைக்கும் இன்ஜின் ஒன்றும். பொங்கலுக்குள் உருப்படியாக ஒரு வண்டி கிடைக்காவிட்டால் அதே மேஸ்திரியின் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அவளுக்கும்தான்.

அந்த நேரத்தில்தான் ஏலக்காய் வியாபாரி சீனிச்சாமியின் பழைய பிளசர் கார் வந்து சேர்ந்தது. 1931ஆம் வருஷ வண்டி. நாலு சிலிண்டர், எட்டு வால்வு. போடிமெட்டுப் பாதையில் எட்டாவது வளைவோடு மூச்சு வாங்கி நின்றுவிடும்.

"பொங்கலுக்கு முந்தின நாள் மெட்டுக்கு மேல நம்ம எஸ்டேட்டு ஆளுகளுக்கு வேட்டி சேலை கொடுக்கணும் அப்பு" என்றார் சீனிச்சாமி. "நிக்காம மெட்டு ஏறுச்சுன்னா, என் ரெண்டு லாரியும் ஜீப்பும் இனி உன் பட்டறைதான். நின்னுச்சுன்னா இதை இரும்புக்குப் போட்டுட்டு கம்பெனிப் பட்டறைக்கே போயிருவேன். பின்னால வருத்தப்படாதே."

ஜனவரி 8, சனிக்கிழமை, ஜேசுதாஸ் இன்ஜினின் தலையைக் கழற்றினான். வால்வு என்பது காளான் மாதிரி. மேலே தட்டையான தலை, கீழே நீண்ட காம்பு. தலையின் விளிம்பு இன்ஜினில் தனக்குரிய வட்டத்தில் காற்றுப் புகாமல் ஒட்டி உட்கார வேண்டும். இந்த வண்டியில் ஒன்றுகூட ஒழுங்காக உட்காரவில்லை. ஒவ்வொன்றாக அதனதன் வட்டத்தில் வைத்து, அரைக்கும் பசை தடவி, வால்வின் தலையில் ஒட்டிய கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி உருட்டி அரைத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன நேரம் போக, செவ்வாய் மத்தியானம் வரை அதே வேலை. அரைத்து முடித்த எட்டையும் சாக்கின் மேல் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தான். எண் போடவில்லை. கம்பெனியில் அவனுடைய மேசையைத் தொட எவனுக்கும் துணிச்சல் கிடையாது, அந்தப் பழக்கம். பிறகு இன்ஜின் தலைக்கு அடியில் வைத்து மூடும் கேஸ்கட் தகடு வாங்கத் தேனிக்குப் பஸ் ஏறிவிட்டான்.

நாலரை மணிக்கு ஸ்டோரிலிருந்து வந்த தேவகிருபை சாக்கைப் பார்த்தாள். வால்வுகளில் பசை ஒட்டியிருந்தது. பாவம், கை நோக அரைத்த மனுஷன், வந்து இதையும் கழுவணுமா என்று நினைத்தாள். மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து முறத்தில் போட்டாள். துடைக்கும்போதே கை தன் வேலையைச் செய்துவிட்டது. வெளுத்திருந்த நாலு ஒரு பக்கம். கறுத்திருந்த நாலு ஒரு பக்கம்.

ஆறு மணிக்கு வந்தவனிடம் முறத்தைச் சந்தோஷமாக நீட்டினாள். ஜேசுதாஸ் பார்த்தான். கேஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"எது எந்த வட்டத்துதுன்னு இனி எப்படித் தெரியும் கிருபை? இடம் மாறுனா ஒண்ணும் ஒட்டாது. மறுபடி முழுசும் அரைச்சா விளிம்பு கத்தி மாதிரி ஆயிரும். ஏத்தத்துல தீஞ்சு போகும்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அழுதிருக்கலாம்.

மறுநாள் அவள் ஸ்டோருக்குப் போகவில்லை. விடிந்ததும் முறத்தோடு இன்ஜின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"புகை போற வழியில இருக்கிறது எது?"

"முதல்ல ஒண்ணு, நடுவுல சேர்ந்தாப்ல ரெண்டு, கடைசியில ஒண்ணு. அது நாலும் வெந்து வெளுத்துப் போகும். மத்தது பெட்ரோல் உள்ள வர்ற வழி. அது கறுப்பு."

"அப்ப வெள்ளை நாலுக்கும் அந்த நாலு இடந்தானே? எட்டு இடத்துலயும் தேடவேண்டியதில்லையே?"

ஜேசுதாஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அரைத்த இடம் ஒவ்வொரு வால்விலும் சாம்பல் நிறத்தில் மோதிரம் போலத் தெரிந்தது. அவனுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன. அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் தடவினாள். ஒன்றில் மோதிரம் நூலளவு அகலம். ஒன்றில் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்ஜினில் உள்ள வட்டங்களையும் அப்படியே பார்த்தாள். "இது இங்க. இது இங்க இல்ல, அங்க."

அவன் வால்வின் விளிம்பில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, அவள் சொன்ன வட்டத்தில் வைத்து, லேசாகத் திருப்பி எடுத்தான். சுற்றிலும் எல்லாக் கோடும் அழிந்திருந்தால் இடம் சரி. முதலாவதில் அழிந்திருந்தது. இரண்டாவதிலும் அழிந்திருந்தது. பத்து மணிக்குள் ஆறு வால்வுகள் இடம் சேர்ந்தன. நடுவில் உள்ள வெள்ளை இரண்டில்தான் அவளுக்கும் சந்தேகம். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில், ஒரு விதத்தில் வைத்தபோது கோடுகள் அழிந்தன. ஜேசுதாஸ் இரும்பு நெஞ்சுக்காரன்தான். ஆனாலும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

மத்தியானம் அவள் ஏலக்காய்ப் பெட்டிப் பலகை ஒன்றில் எட்டு ஓட்டை போட்டு, ஒன்றிலிருந்து எட்டு வரை எண் எழுதி வைத்தாள். "இனி இதுல சொருகுங்க. நானும் தொடமாட்டேன், என் கையும் தொடாது."

ஜனவரி 13, வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கார் கிளம்பியது. "நீயும் ஏறு ஆத்தா. கீழ நின்னு செபம் பண்றதை உள்ள உக்காந்து பண்ணு" என்றார் சீனிச்சாமி. ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

"சேலையை இறுக்கிச் செருகிக்கங்க மயினி" என்றான் டிரைவர் பேச்சிமுத்து. "இந்த வண்டியில ஏறுறதே தள்ளுறதுக்குத்தான்."

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் ஏற்றம். அவள் வாய்க்குள் வளைவுகளை எண்ணினாள். ஏழு. எட்டாவது வளைவில் பேச்சிமுத்து கியரை மாற்றினான்; இன்ஜின் ஒரு தரம் கனைத்தது. முன்சீட்டில் இருந்த ஜேசுதாஸின் பின்கழுத்தில் வேர்வை இறங்குவதை அவள் பார்த்தாள். வண்டி நிற்கவில்லை. ஒன்பது வந்தது. அதற்கப்புறம் பேச்சிமுத்து பேச்சையே நிறுத்திவிட்டு, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

எட்டு மணி இருபது நிமிஷத்துக்கு மெட்டில் பனிக்குள் வண்டி நின்றது, நிறுத்தியதால் நின்றது.

"லாரி ரெண்டையும் பொங்கல் முடிஞ்சதும் கொண்டாந்து விடச் சொல்றேன்" என்றார் சீனிச்சாமி. "நல்லாத்தான் பார்த்திருக்கே அப்பு."

"பூட்டுனதுதான் நான். பொறுக்குனது இவ" என்றான் ஜேசுதாஸ்.

சீனிச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடிந்ததிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. டின்னை அத்தனை நேரம் மடியில் வைத்திருந்ததில் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. மூடியைத் திறந்தாள். ரேடியேட்டருக்கு என்று கொண்டுவந்த தண்ணீரைத் தூக்கி மடமடவென்று தானே குடித்தாள்.