அவிழ்க்காத மரம்

இது ஆரணியில் நடந்தது. கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. மாணிக்கவேலின் இடுப்பைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தாது வருஷப் பஞ்சம் முடிந்து இரண்டு வருஷம். பட்டு நெய்கிற மாணிக்கவேல் சேத்துப்பட்டுச் சந்தையில் ஒரு மரம் வாங்கினான். கட்டுமரத்திலிருந்து பிரித்த மரம். லேசானது, உளுத்துப்போகாதது. அதை இழைத்து, நெய்த துணியைச் சுற்றும் படமரமாகத் தறியில் பூட்டினான். மகளின் கல்யாணப் புடவைக்கான பாவு நூலை அதில் கட்டினான்.

நூல் இழைக்க வந்த சகாயம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பஞ்சத்தில் கடற்கரைக் குப்பத்தை விட்டு வந்தவள். மாணிக்கவேலின் மனைவி கிருஷ்ணம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“கடல்ல ஓடின மரம்க்கா இது. கரைக்கு வந்தா கயித்துக் கட்ட அவுத்துடணும். கட்டோட வுட்டா ஆளத் தேடும்.”

மாணிக்கவேல் சிரித்தான். “பாவ அவுத்துட்டு எங்க நெய்யறது சகாயம்? கடலு ஆரணிக்கு நடந்துகினு வரட்டும். அப்ப பாத்துக்கலாம்.”

மறுநாள் படமரம் ஈரமாக இருந்தது. மழை இல்லை. கிருஷ்ணம்மாள் துடைத்தாள். அடுத்த நாளும் ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

பிறகு, கால் விட்டு உட்காரும் தறிக்குழியில் மணல். அவர்கள் தெருவில் செம்மண்தான். இது வெள்ளை மணல்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. அவள் அடுப்படியில் கீரை அரிந்துகொண்டிருந்தாள். தறிச் சத்தம் மாறியது.

தடக்... தடக்... இல்லை.

சளப்... சளப்...

அரிவாளோடு எட்டிப் பார்த்தாள். மாணிக்கவேல் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஊடை நூல் ஓட்டும் நாடா இல்லை. வெறுங்கைகள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன. கண் மூடியிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இன்னாங்க...”

கைகள் நிற்கவில்லை.

குழி நிரம்பியிருந்தது. கறுத்த தண்ணீர். அலை அடித்தது.

அவன் இறங்கிக்கொண்டிருந்தான்.

தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

மார்பு... கழுத்து...

பாவின் மேல் அரிவாளை ஓங்கினாள். மகளின் புடவை. கை நின்றது.

வாய் மூழ்கியது.

வெட்டினாள்.

படமரம் உருண்டு விழுந்தது. குழி காய்ந்து கிடந்தது. மாணிக்கவேல் இருமி இருமி மூச்சு வாங்கினான். அவன் இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம். ரத்தம் கசிந்தது.

கல்யாணம் தள்ளிப்போனது. மரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு சகாயம்மாள் தன் குப்பத்துக்குப் போனாள். திரும்பி வந்தவள் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“யாரு மரம்னு தெரிஞ்சிச்சா?” என்றாள் கிருஷ்ணம்மாள்.

“தனியா கடலுக்குப் போனவராம். புயலு. அலை இழுத்துகினு போவாம இடுப்ப மரத்தோட கட்டிகினாராம்.”

“கடல்லயே செத்துட்டாரா?”

“இல்லக்கா. உசுரோட கரையில ஒதுங்கியிருக்காரு. முடிச்சு மரத்துக்கு அடியில மாட்டிகிச்சு, அவுக்க முடியல. கை எட்டின மட்டும் மணலப் பறிச்சு வெச்சிருந்தாராம்.”

“யாரும் வரலியா?”

சகாயம்மாள் நிமிரவில்லை.

“அதுக்கு மொத நாளுதான்க்கா நாங்க எல்லாரும் குப்பத்தக் காலி பண்ணோம்.”