ஐந்தேகாலுக்கு எடுத்து வைக்க வேண்டிய தட்டு

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவளின் விரல்களுக்குச் சூடு என்பது வெறும் செய்தி. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வந்து விழும் போர்வைகளை மற்றவர்கள் "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு எடுப்பார்கள். அவள் பாட்டுக்கு எடுத்து, நுனியோடு நுனி சேர்த்து, மடித்து அடுக்கிக்கொண்டே போவாள். முதல் மூன்று முறையும் அவளுடைய பன் உப்பாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. குறிப்பில் "வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைக்கவும்" என்று இருந்தது. அவள் விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் ஈஸ்ட்டுக்கு உலைநீர்.

குறிப்பை எழுதிக் கொடுத்தவள் அவளுக்கு எதிரே நின்று தலையணை உறை மடிப்பவள். நாலாக மடித்த காகிதத்தில், மேலே "முதல் தடவை செய்றவங்களுக்கு" என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்.

"எந்தக் கையாலக்கா தண்ணியத் தொட்டுப் பார்த்த?"

"இந்தக் கையாலதான்."

"இதுக்குப் பேரு கையா? இடுக்கி. பாவம், அந்த ஈஸ்ட்ட உசிரோட வேக வச்சிருக்க. மணிக்கட்டுக்கு உள்பக்கம் ரெண்டு சொட்டு விட்டுப் பாரு. சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது."

"ரெண்டும் தெரியலன்னா அப்புறம் என்னதான்டி தெரியணும்?"

"ஒண்ணும் தெரியக் கூடாது. அதான் பக்குவம்."

நாலாவது முறை பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் மேல் நுரை கட்டியது. அதைப் பார்க்கக் கூப்பிட வீட்டில் யாரும் இல்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார்.

எங்கள் கட்டடத்தில் அவளை லாண்டரியக்கா என்போம். அவள் கணவர் கேட்டுக்காரர். லாரிகள் வந்து சரக்கு இறக்கும் ஒரு பெரிய கிடங்கின் வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ராத்திரி முழுக்க வண்டி எண்களைக் குறித்துக்கொள்வது அவர் வேலை. சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்புவார், விடிகாலை ஐந்து பத்துக்குத் திரும்புவார். அவள் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பாள். நாலு மணிக்குத் துணிக்கூடம் முடியும். அங்கிருந்தே ஒரு பல் மருத்துவரின் இடத்துக்குப் போய்த் தரை துடைத்துவிட்டு வீடு வந்து சேர எட்டரை ஆகும். அவருக்கு வார ஓய்வு புதன், அவளுக்கு ஞாயிறு. புதன் இரவு அவள் வந்து விழுந்தால் கட்டை. ஞாயிற்றுக்கிழமை அவர் எழும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போனதும் அவளுடைய சின்ன அறைக்கு அவர் மாறிக்கொண்டார். ஜன்னலில் கறுப்புத் துணி ஒட்டினார். "உன்ன எழுப்பிவிட வேணாம்னுதான்" என்றார். ஒரே வீட்டில் ஒன்பது வருடம் இப்படி. பேச்சுவார்த்தையெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் மஞ்சள் சீட்டில்தான்: குழாய் ஒழுகுது. பால் திரிஞ்சிடுச்சு. பல்பு வாங்கிட்டேன்.

ஒரு ஞாயிறு மகள் ஃபோனில் கேட்டாள்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"நல்லா இருக்காருன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? ஒரே வீட்டுல தானம்மா இருக்கீங்க?"

மகள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். லாண்டரியக்காவால் போக முடியவில்லை. அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வந்தது கதவில் தொங்கும் சீருடைச் சட்டைதான். குடித்தனக்காரர்கள் இரண்டு பேர் மாதிரி ஆகிவிட்டோமே என்று பயமாக இருந்தது. நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் டாக்டரிடம் என்ன சொல்வது? இவர் என்ன சாப்பிடுவார், எப்படித் தூங்குவார் என்று கேட்டால்?

பன் பிறந்தது அந்தப் பயத்தில். இருவரும் விழித்திருக்கக்கூடிய நேரம் நாளில் ஒன்றே ஒன்றுதான்: அவர் வந்தபின், அவள் கிளம்புமுன். அதில் சேர்ந்து உட்கார ஒரு சாக்கு வேண்டும். சும்மா உட்காருங்கள் என்றால் கேட்டுக்காரர் உட்காரமாட்டார். சூடாக ஏதாவது இருந்தால் உட்காருவார்.

ராத்திரி வந்ததும் மாவு பிசைவாள். பால், வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, உப்பு. கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு கொட்டக் கூடாது, பிசையப் பிசைய அதுவே விட்டுவிடும் என்று காகிதம் சொன்னது. முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினாள். உப்பிய மாவை இரண்டு பங்காக்கி, ஒவ்வொன்றையும் படுக்கை விரிப்பு மாதிரி நாலு மூலையும் இழுத்துப் பரப்புவாள். இதில் மட்டும் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்றில் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும், அது அவளுக்கு. மற்றதில் வதக்கிய வெங்காயம், துருவிய சீஸ், மிளகு, அது அவருக்கு. பாயைச் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, வில்லை வில்லையாக வெட்டி, தட்டில் இடம் விட்டு அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஃபிரிட்ஜில் வைப்பாள். கதவில் சீட்டு: "வந்ததும் தட்டை எடுத்து மேசையில் வைக்கவும்."

ஐந்தேகாலுக்கு அவர் எடுத்து வைப்பார். குளிர் விட்டு, வில்லைகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குப் பருக்க ஒரு மணி நேரம். ஆறு மணிக்கு அவள் எழுந்து பன் சுடும் ஓவனைச் சூடாக்குவாள். ஆறேகாலுக்குத் தட்டு உள்ளே போகும், ஆறரைக்குப் பிறகு வெளியே வரும். ஆறு ஐம்பதுக்கு அவள் செருப்பை மாட்ட வேண்டும். ஆக, பதினைந்து நிமிடம். வாயைச் சுட்டுக்கொண்டு தின்றால் இருபது.

முதல் நாள் அவர் பன்னைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எங்க வாங்கின?"

"வாங்கினதா? கொழுப்பா?"

"இல்ல, அடியில கருகலையேன்னு கேட்டேன்."

"உங்க வாய்க்குத்தான் வெங்காயம் வதக்கினேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

அந்த வாரம் அவளுக்குப் பல செய்திகள் கிடைத்தன. கூண்டின் ஹீட்டர் பழுது. அவருக்கு இடது முழங்கால் பிடிக்கிறது. தினமும் வரும் லாரி டிரைவர் ஒருவர் அவரை 'மாமோய்' என்று கூப்பிடுகிறார். பஸ்ஸில் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போனாள்.

மூன்றாவது மாதம் அவர் பேச்சு குறைந்தது. கேட்டால் "ம்". ஒரு நாள் பன்னைக் கையில் பிடித்தபடியே கண் சொருகிவிட்டது. பன் பிடிக்கவில்லையோ, தன்னோடு உட்காரத்தான் பிடிக்கவில்லையோ என்று அவளுக்குள் குடைந்தது. கேட்கவில்லை. வெங்காயத்தைக் கூட்டினாள்.

குளிர் அதிகமாக இருந்த ஒரு காலை. அவர் தட்டை எடுத்தார். சமையலறை சில்லென்று இருந்தது. இந்தக் குளிரில் மாவு எங்கே பருக்கப் போகிறது என்று, மூடிய தாளோடு அப்படியே அணைந்திருந்த ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். காற்றுப் படாமல் கதகதப்பாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். பிறகு கூடத்து நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிடம் அவரை அப்படியே முழுங்கிவிட்டது.

ஆறு மணிக்கு அவள் எழுந்தாள். தினமும் செய்வதுபோல, தூக்கக் கண்ணோடு ஓவனைத் திருகிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். வந்து பார்த்தால் மேசையில் தட்டு இல்லை, ஃபிரிட்ஜிலும் இல்லை. மறந்துபோய் எங்கோ வைத்திருக்கிறார் என்று எரிச்சலோடு அலமாரிகளைத் திறந்து தேடிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்தது. அடுத்த நொடி புகைமணி அலறத் தொடங்கியது. முதலில் அவர்கள் வீட்டில், அப்புறம் மாடிப்படியில், அப்புறம் கட்டடம் முழுக்க.

எல்லோரும் படியில் நின்றோம். அவரவர் கையில் அவரவர் பாஸ்போர்ட்டும் காகிதங்களும் உள்ள பை. எங்கள் கட்டடத்தில் யாரும் நகை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. கேட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் எடுத்து வந்தது வண்டி எண் குறிக்கும் அட்டை.

"தீயெல்லாம் இல்ல, பன்னுதான்" என்று லாண்டரியக்கா ஒவ்வொரு படியிலும் நிற்பவர்களிடம் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

மேல்மாடி அண்ணன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நாளைக்கு எத்தன மணிக்கும்மா? சொல்லிட்டீங்கன்னா அலாரம் வைக்க வேண்டியதில்ல" என்றார்.

மணி அடங்கி, உள்ளே போய், ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தார்கள். தட்டில் தாள் உருகி, பன்களின் மேல் கண்ணாடிப் பாகு காய்ச்சி ஊற்றியதுபோல் படிந்திருந்தது.

"ஓவனுக்குள்ள யாராவது வைப்பாங்களா?"

"தொறந்து பாக்காம யாராவது பத்த வைப்பாங்களா?"

"நான் மேசையிலன்னு எழுதியிருந்தேன்ல?"

"குளிருதேன்னு வச்சேன். சரி, தப்புதான். எனக்கு மூளை வேல செய்யலம்மா. தூக்கம் பத்தலை."

"ஏன், பகல் பூரா தூங்குறீங்கல்ல?"

அவர் தட்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். அவள் பக்கம் திரும்பவில்லை. முன்பெல்லாம் ஐந்தரைக்குப் படுத்தால் கட்டடம் விழிப்பதற்குள் ஆழ்ந்துவிடுவார், பிறகு இடி விழுந்தாலும் மத்தியானம்தான். இப்போது ஏழு மணிக்குப் படுக்கப் போகும்போது கதவுகள் அடிபடுகின்றன, பிள்ளைகள் பள்ளிக்கு இறங்குகிறார்கள், எதிர்ச் சாலையில் துளை போடுகிறார்கள். இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று. போன வாரம் கூண்டில் கண்ணசந்துவிட்டார். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சூப்பர்வைசர் வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இத ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவ."

அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிடிக்காமல் இல்லை. பிடித்துத்தான் மூன்று மாதம் தூங்காமல் இருந்திருக்கிறார். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவர் வேலை போனால் என்ன ஆகும் என்ற கணக்கு வேறு பின்னாலேயே வந்து நின்றது.

"சரி, இனிமே ராத்திரியே சுட்டு வச்சிர்றேன். அஞ்சு மணிக்கு நான் எந்திரிச்சு, லேசாத் தண்ணி தெளிச்சுச் சூடு பண்ணி வக்கிறேன். நீங்க வந்ததும் சாப்பிட்டுட்டு அஞ்சரைக்குப் படுங்க."

"ஒரு மணி நேரம் முன்னாடியா? உன் தூக்கத்தத் தின்னுட்டு நான் பன் சாப்பிடணுமா?"

"மூணு மாசமா உங்க தூக்கத்த நான் தின்னேனே. எனக்குச் செரிக்கலையா?"

"வேணாம். அந்தக் கொதிக்கிற மெஷின்கிட்ட நின்னு தூங்கி விழுந்தீன்னா?"

"அப்போ நிறுத்திரலாங்கிறீங்க."

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். "நிறுத்தச் சொன்னேனா?"

பிறகு பேரம் தொடங்கியது. அவர் வாரத்துக்கு ஒன்று என்றார். அவள் ஐந்து என்றாள். அவர் இரண்டு என்றார்.

"நாலு."

"மூணு. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

"மூணுல ரெண்டு நாள் நான் முன்னாடி எந்திரிக்கிறேன். புதன்கிழம உங்களுக்கு லீவுதான, அன்னிக்கு நீங்க முழிச்சிருங்க."

"அப்ப செவ்வாயும் வெள்ளியும் உன் தூக்கம் போகுது."

"போகட்டும். யாரு தூக்கம் போகுதோ அன்னிக்கு அவங்களுக்குப் பிடிச்ச பன்."

"அப்ப வாரத்துல ரெண்டு நாள் எனக்கு இனிப்பா?" அவர் முகம் போன போக்கைப் பார்த்து, புகை நாற்றத்துக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸும் போயிருந்தது.

அடுத்த செவ்வாய். அலாரம் அடித்தபோது தன்னை யாரோ கிணற்றிலிருந்து வாளியில் இறைப்பது போல இருந்தது அவளுக்கு. பட்டைப் பன்களின் மேல் தண்ணீரை விரலால் தெளித்தாள். ஓவன் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். ஐந்து நிமிடச் சூட்டில் நேற்றைய பன் இன்றையது போல் மெத்தென்று ஆகியது. சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

இருவரும் தின்றார்கள். அவர் ஒரு பன்னை முடித்து, விரலில் ஒட்டிய சர்க்கரையைப் பார்த்து, "இதும் பரவாயில்ல" என்றார். அவள் கையால் கன்னத்தைத் தாங்கியபடி தலையாட்டினாள். பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

"போய்ப் படுங்க."

"நீயும் போய்க் கொஞ்சம் படு. இன்னும் நேரம் இருக்கு."

தட்டைக் கழுவி வைத்தாள். அவளுடைய படுக்கையில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். சின்ன அறைக் கதவைத் திறந்தாள். கறுப்புத் துணி போட்ட இருட்டில் அவர் அதற்குள் தூங்கிப்போயிருந்தார். குறுகிய கட்டிலின் விளிம்பில், மாட்டியிருந்த தன் சீருடை கசங்காமல், ஒருக்களித்துப் படுத்தாள்.

"ஓரமா நிறுத்துப்பா" என்றார் அவர். தூக்கத்தில்தான். பிறகு ஏதோ வண்டி எண் சொன்னார், தெளிவாக, இலக்கம் இலக்கமாக. "பின்னாடி வா. இன்னும். இன்னும். போதும்."

தூக்கத்தில் பேசுவார் என்பது அவளுக்குப் புதிது. எத்தனை வருடமாகவோ.

எந்த வண்டி அது என்று நாளைக்குப் பன் தின்னும்போது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடாமல் படுத்திருந்தாள். ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.